நட்சத்திரம் இருந்தால் போரில் இறந்தவரா?
கல்லறையருகே ‘ஜி.ஏ.ஆர்.’ என்று பொறித்த வெண்கல நட்சத்திரம் இருந்தால் அவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் மாண்டவர் என்று ஒரு கட்டுரை சொல்வது இடிக்கிறது. ஜி.ஏ.ஆர். என்பது கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக்; அது தொடங்கியதே 1866-இல், போர் முடிந்த மறு வருடம். உயிரோடு ஊர் திரும்பிய வடதரப்பு வீரர்களின் சங்கம் அது. கடைசி உறுப்பினர் ஆல்பர்ட் உல்சன் போய்ச் சேர்ந்தது 1956-இல்! போரில் இறந்தவர்களையும் சங்கத்தார் மறக்கவில்லைதான். ஆனாலும் சின்னத்தை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. ஒஹாயோவில் எங்கள் வீட்டுப் பக்கத்துப் பழைய கல்லறைத் தோட்டத்தில், கொடி செருகும் குழாயோடு அந்த நட்சத்திரம் ஒரு கைக்குழந்தையின் கல்லருகே நிற்கிறது. புல் வெட்ட வந்தவர்கள் பிடுங்கி, தோன்றிய இடத்தில் குத்திவிட்டுப் போயிருப்பார்கள். இரண்டு கல்லறை தள்ளி, காலாட்படைப் பிரிவின் எண்ணோடு ஒருவர் பெயர் இருக்கிறது. அங்கே சின்னமே இல்லை.