போக்கர் திறமை ஆட்டம்தான், அதனால் என்ன?

போக்கர் திறமை ஆட்டமா சூதாட்டமா என்று நம் ஊரில் பல வருஷமாக வழக்கு, வாதம், டீக்கடைச் சண்டை எல்லாம் நடந்துவிட்டது. என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திறமை ஆட்டம்தான். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொன்னபோது எனக்கு அதில் மாற்றுக் கருத்தே இல்லை. 1996-ல் கிண்டி குதிரைப் பந்தய வழக்கில், குதிரைப் பந்தயம் திறமை ஆட்டம் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் போட்டுக் கொடுத்த தடம் அது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவுமே கூடாது என்று சட்டம் போட்டது. இன்றைக்கும் ஓ.எம்.ஆர். பக்கம் நாலு பேர் சேர்ந்தால் "திறமை ஆட்டத்தை எப்படிங்க தடை பண்ணலாம்?" என்ற கேள்வி வந்துவிடுகிறது.

இத்தனை பேச்சிலும் ஒரு கணக்கு மட்டும் யார் வாயிலும் வருவதில்லை. திறமை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். அது காசாக உங்கள் கைக்கு வந்து சேர எத்தனை ஆட்டம் ஆட வேண்டும், வழியில் எவ்வளவு கழியும்? இதைச் சொல்லாமல் "திறமை" என்று மட்டும் சொல்லி இருபத்தைந்து வயசுப் பையனைச் சம்பளப் பணத்தோடு உட்கார வைப்பது அநியாயம். இதில் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு.

முதலில் அந்தத் திறமை எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாம். வேளச்சேரியில் ஒரு நண்பர் வீட்டு ஹாலில் பாய் விரித்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுவோம். காசு கிடையாது, புளியங்கொட்டைதான். என் கையில் இஸ்பேட் எட்டும் ஏழும். எல்லோருக்கும் பொதுவாக நடுவில் விரிக்கும் ஐந்து சீட்டில் முதல் மூன்று வந்துவிட்டது: இஸ்பேட் ராஜா, இஸ்பேட் நாலு, டைமன் ஜாக்கி. எதிரே இருப்பவர் ராஜா ஜோடி பிடித்துவிட்டார், அவர் ஆடும் விதத்திலேயே தெரிகிறது. எனக்கு இன்னும் ஒரு இஸ்பேட் விழுந்தால் ஃப்ளஷ், அதாவது ஐந்தும் இஸ்பேட், ராஜா ஜோடியை அடித்துவிடும். நடுவில் 20 கொட்டை இருக்கிறது, அவர் 10 வைக்கிறார். நானும் 10 வைத்து ஆட்டத்தில் தொடரலாமா, அதாவது கால் பண்ணலாமா?

பதின்மூன்று இஸ்பேடில் நாலு தெரிந்துவிட்டது, மிச்சம் 9. நான் பார்க்காத சீட்டு 47. அடுத்த சீட்டை மட்டும் கணக்கில் எடுத்தால், 47-ல் 9 முறை எனக்கு 30 கொட்டை வீதம் 270 வரவு. மீதி 38 முறை 10 வீதம் 380 செலவு. ஆக 110 கொட்டை நஷ்டம். கீழே வைத்துவிட வேண்டியதுதான். ஆனால் ஃப்ளஷ் அடித்த பிறகும் அவர் ராஜா ஜோடியை விட மனசில்லாமல் இன்னும் கொட்டை போடுவார் என்றால்? அந்த 9 முறையும் சராசரியாக 12 கொட்டைக்கு மேல் கூடுதலாக வாங்க முடிந்தால் நஷ்டம் அடைபட்டு லாபம் தொடங்கிவிடும். அவர் எப்படிப்பட்ட ஆள் என்று படிக்கத் தெரிவது இங்கேதான் எண்ணாக மாறுகிறது.

இன்னொரு மாற்றம். அவர் வைத்த 10 அவருடைய கடைசிக் கொட்டை, ஆல்-இன் என்று வையுங்கள். இப்போது மேற்கொண்டு எதுவும் கட்டாமல் டர்ன், ரிவர் என்னும் நாலாவது, ஐந்தாவது பொதுச் சீட்டு இரண்டையும் பார்ப்பேன். இரண்டில் ஒன்றாவது இஸ்பேடாக வர சுமார் 35 சதவீத வாய்ப்பு. நூறு முறை இதே நிலைமை வந்தால் 35 தடவை 30 வீதம் 1,050 வரவு, 65 தடவை 10 வீதம் 650 செலவு. கண்ணை மூடிக்கொண்டு கால். அதே சீட்டு, அதே பத்துக் கொட்டை, பதில் தலைகீழ். இது புரிந்த அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

கூட ஆடும் தம்பி ஒருத்தன் விடாமல் கேட்பான். "அண்ணா, நான் கால் பண்ணேன், இஸ்பேட் விழுந்துச்சு, ஜெயிச்சேன். அப்புறம் எப்படிண்ணா அது தப்பு?"

"ஜெயிச்சது அந்த 9-ல ஒண்ணுடா. மிச்சம் 38 இன்னும் கட்டுக்குள்ளதான் இருக்கு."

பிளஃப், அதாவது கையில் ஒன்றுமில்லாமலே இருப்பது போலப் பந்தயம் கட்டுவது, பற்றியும் ஒரு வார்த்தை. அதை நெஞ்சழுத்தம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். கணித மேதை ஜான் வான் நாய்மன் அதைக் கணக்காகப் பார்த்தார். 1944-ல் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னோடு சேர்ந்து எழுதிய விளையாட்டுக் கோட்பாட்டு நூலில் போக்கருக்கும் பிளஃபுக்கும் தனிப் பகுதியே உண்டு. நடுவில் சேர்ந்திருக்கும் மொத்தத் தொகை, அதாவது பாட், அளவுக்கு நான் பெட் கட்டினால் எதிராளி மூன்றில் ஒரு தடவை ஜெயித்தாலே அவருக்குக் கட்டுபடியாகும். அதனால் நான் இரண்டு முறை நல்ல கையோடு கட்டும்போது ஒரு முறை பொய்யாகக் கட்டினால், அவர் கால் பண்ணினாலும் ஒன்றுதான், விட்டாலும் ஒன்றுதான். பாதி பாட் என்றால் மூன்றுக்கு ஒன்று. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்வதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

திறமை இதுதான். இனி, யாரும் பேசாத பக்கம்.

ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை. சீட்டுப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்கும் பந்தயம் பிக் பிளைண்ட், லாப நஷ்டத்தை அளப்பது அதில்தான். ரேக் என்னும் நடத்துபவர் கழிவு எல்லாம் போக நூறு கைக்கு 5 பிக் பிளைண்ட் லாபம் எடுக்கிற ஒரு நல்ல ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத நோ-லிமிட் ஆட்டத்தில் நூறு கைக்கு 90 பிக் பிளைண்ட் அளவுக்குத் திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து ஏறி இறங்கும் அளவு, இருப்பது சாதாரணம். அப்படியானால் 10,000 கை ஆடிய பிறகு அவருக்கு வர வேண்டிய லாபம் 500, ஏற்ற இறக்கம் 900. அதாவது இவரைப் போன்ற நல்ல ஆட்டக்காரர்கள் பத்துப் பேரில் கிட்டத்தட்ட மூன்று பேர் பத்தாயிரம் கைக்குப் பிறகும் நஷ்டத்தில் இருப்பார்கள். நேரில் உட்கார்ந்து மணிக்கு 30 கை ஆடினால் அது 330 மணி நேரத்துக்கு மேல். ஒரு லட்சம் கை ஆடினால்தான் நஷ்டத்தில் நிற்பவர்கள் நூற்றுக்கு நாலு பேராகக் குறைவார்கள்.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள், பயமாக இருக்கும். நூறு கைக்கு 5 பிக் பிளைண்ட் தோற்கும் ஆள்களிலும் அதே பத்துக்கு மூன்று பேர் பத்தாயிரம் கைக்குப் பிறகு லாபத்தில் இருப்பார்கள். தனக்குத் திறமை இருப்பதாக முழு மனசோடு நம்புவார்கள். வேலையை விடலாமா என்று யோசிப்பார்கள். பெர்சனல் லோன் போடுவதும் இந்தக் கட்டத்தில்தான்.

2017-ல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்ற போக்கர் ஆடும் கணினி நிரல், நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு பிட்ஸ்பர்க் நகரத்தில் மோதியது. 20 நாள், 1,20,000 கை. ஏன் அத்தனை? அதற்குக் குறைந்தால் ஜெயித்தது திறமையா அதிர்ஷ்டமா என்று பிரிக்க முடியாது. அதுவும் போதாதென்று ஒரு மேஜையில் நிரலுக்கு வந்த சீட்டையே இன்னொரு மேஜையில் மனிதருக்குக் கொடுத்து, அதிர்ஷ்டத்தைக் கழித்தார்கள். அறிவியலாளர்களுக்கே இவ்வளவு ஏற்பாடு தேவைப்பட்டது. நாம் ஒரு மாத ஆப் கணக்கைப் பார்த்துவிட்டு "எனக்கு வருது மச்சி" என்கிறோம்.

அடுத்தது ரேக். ஏலச்சீட்டு பிடிப்பவர் மாதாமாதம் தன் கமிஷனை எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பங்கு பிரிப்பது போல, நடத்துபவர் பாட்டிலிருந்து தன் பங்கை முதலில் எடுத்துவிடுவார். ஒரே திறமையுள்ள ஆறு பேர் ஆளுக்கு 1,000 ரூபாயோடு உட்காருகிறார்கள். சராசரி பாட் 200, ரேக் 5 சதவீதம், மணிக்கு 60 கை. மணிக்கு 600 ரூபாய் மேஜையை விட்டுப் போகிறது. இதே அளவில் ஓடினால் பத்து மணி நேரத்தில் 6,000-மும் நடத்துபவரிடம். தோற்றது யார்? ஆறு பேரும். ஜெயிக்க வேண்டுமானால் மற்றவர்களைவிட நன்றாக ஆடினால் மட்டும் போதாது, இந்தக் கழிவைத் தாண்டுகிற அளவுக்கு நன்றாக ஆட வேண்டும். 2023 அக்டோபரிலிருந்து 2025 ஆகஸ்ட் தடை வரை ஆப்பில் கட்டிய தொகைக்கே 28 சதவீத ஜி.எஸ்.டி. வேறு இருந்தது, நூறு ரூபாய் போட்டால் வரி போக 78 ரூபாய்தான் ஆட்டத்துக்குப் போனது.

சரி, எல்லாம் தாண்டி உண்மையிலேயே கை ஓங்கி நிற்கும் ஆளுக்கும் ஒரு பள்ளம் இருக்கிறது. பெல் ஆய்வகத்தில் இருந்த ஜான் கெல்லி 1956-ல் எழுதிய கணக்கு இது. நூற்றுக்கு 55 முறை ஜெயிக்கிறீர்கள், வைத்த காசுக்கு அதே அளவு காசு கிடைக்கிறது. கையில் 100 ரூபாய். ஒவ்வொரு முறையும் இருப்பதில் பத்தில் ஒரு பங்கை வைத்தால், 55 வெற்றி 45 தோல்விக்குப் பிறகு 165 ரூபாய் ஆகும். பேராசைப்பட்டு ஐந்தில் ஒரு பங்கை வைத்தால்? அதே 55 வெற்றி, அதே 45 தோல்வி, கையில் 98 ரூபாய் 63 காசு. நம்பாதவர்கள் கால்குலேட்டரை எடுத்து 1.2-ஐ 55 முறையும் 0.8-ஐ 45 முறையும் பெருக்கிப் பாருங்கள். திறமையில் குறையே இல்லாமல், பந்தயத்தின் அளவு ஒன்றினாலேயே தேய்ந்து போகலாம்.

போக்கர் ஆப் மூடியதும் பாதிப் பேர் ஆப்ஷன் டிரேடிங் பக்கம் போனதைக் கண்ணால் பார்க்கிறேன். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில், அதாவது ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரத்தில், இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியே சொல்லியிருக்கிறது. அங்கே ரேக்குக்குப் பெயர் புரோக்கரேஜ்.

எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. பையிலிருந்து சிவப்புப் பந்து எடுக்கும் கணக்கைப் போடத் தெரிந்த பிள்ளைகள் நம்மிடம் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அந்த நிகழ்தகவுப் பாடத்திலேயே ரேக், ஏற்ற இறக்கம், பந்தய அளவு மூன்றையும் சேர்த்து நடத்தலாம். ஒரு பைசா வைக்க வேண்டாம். சென்னையில் கணிதமோ புள்ளியியலோ நடத்தும் கல்லூரி ஆசிரியர்கள் யாராவது ஒரு மதிய வகுப்பை ஒதுக்கித் தந்தால், சீட்டுக்கட்டோடு நானே வந்து நடத்துகிறேன். இன்பாக்ஸில் எழுதுங்கள்.