பேய் பிடித்தவளும் எதிரே உட்கார்ந்திருப்பவரும்

'பென்னி டிரெட்ஃபுல்' தொடரில் இவா கிரீன் செய்தது ஓவர் ஆக்டிங் என்று நண்பர் ஒருவர் போன மாதம் சொன்னார். அப்போதைக்குச் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் மனசு ஆறவில்லை. 27 எபிசோடுகளையும் மறுபடி பார்த்து முடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கடைசி எபிசோடு வரைக்கும் பேசப்போகிறேன். இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்று வைத்திருப்பவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம்.

தெரியாதவர்களுக்கு: 2014 முதல் 2016 வரை மூன்று சீசன்களாக வந்தது. எழுதியவர் ஜான் லோகன். கதை நடப்பது 1891-இல், லண்டனில். ஃபிராங்கன்ஸ்டைன், டோரியன் கிரே, டிராகுலா என்று பழைய நாவல்களில் தனித்தனியாக வாழ்ந்தவர்களை எல்லாம் ஒரே ஊரில் குடிவைத்து, நடுவில் வனெஸ்ஸா ஐவ்ஸ் என்று ஒரு புதுப் பெண்ணை நிறுத்தியிருப்பார். அந்த வனெஸ்ஸாதான் இவா கிரீன்.

நண்பருக்குப் பிடிக்காதது முதல் சீசனின் இரண்டாம் எபிசோடு. விருந்து நடக்கும் வீட்டில் ஆவியை அழைக்கிறார்கள். அழைப்பவர் ஹெலன் மெக்ரோரி. ஆவி வந்து இறங்குவதோ பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வனெஸ்ஸா மேல். குரல் மாறுகிறது, காணாமல் போன பெண்ணாகப் பேசுகிறாள், செத்துப்போன பையனாக அழுகிறாள், காது கூசுகிற வார்த்தைகளைக் கொட்டுகிறாள், மேஜை மேல் ஏறி உடம்பை வில்லாக வளைக்கிறாள். சரி, பெரிய நடிப்புதான். மறுக்கவில்லை. ஆனால் பெரிதாக நடிப்பது வேறு, மிகையாக நடிப்பது வேறு. உள்ளே ஆள் இல்லாமல் சத்தம் மட்டும் வந்தால் அது மிகை. இங்கே ஒவ்வொரு குரலுக்கும் ஒரு ஆள் இருக்கிறான். பையன் குரலில் பேசும்போது அவளுடைய தோள்கூடச் சுருங்கிப் போகிறது, கவனித்தீர்களா?

இன்னொன்று. அடுத்த தடவை பார்க்கும்போது அவளை விட்டுவிட்டு, எதிரே இருக்கும் டிமோதி டால்டனை மட்டும் பாருங்கள். அவர் சர் மால்கம். அந்தப் பையனின் அப்பா. ஆப்பிரிக்கப் பயணத்தில் நோயில் கிடந்த மகனை விட்டுவிட்டுப் போனவர். அந்த மகனின் சாவை நாலு பேர் முன்னால், இன்னொருத்தி வாயால் கேட்கிறார். சொல்லிக்கொள்ளும்படி வசனம் கிடையாது. முகத்தில் முதலில் வருவது பயமில்லை, வெட்கம். அப்புறம்தான் மற்றதெல்லாம். பேய்க் கதையில் பேய் பிடித்தவருக்குக் கைதட்டல் தானாக வந்துவிடும். நம்மை நம்ப வைக்கிற பாரம் எதிரே உட்கார்ந்திருப்பவர் தலையில்தான். டால்டன் அன்றைக்கு அசையாமல் உட்கார்ந்திருந்ததால்தான் இவா கிரீன் அவ்வளவு தூரம் போக முடிந்தது. இரண்டு ஜேம்ஸ் பாண்ட் படங்களோடு இந்த மனிதரை மறந்துவிட்டோமே என்று இருந்தது.

இப்போது இவா கிரீன் ரசிகர்களும் என்னை அடிக்க வரலாம். தொடரின் மிகச் சிறந்த நடிகர் அவரில்லை. ரோரி கின்னியர். ஃபிராங்கன்ஸ்டைன் உண்டாக்கிய பிணமனிதன். வெளுத்த முகமும் தையல் போட்ட நெற்றியுமாக வந்து, கவிதை சொல்லும் ராட்சதன். மேக்கப்பே பாதி வேலையைச் செய்துவிடுகிறது என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு மூன்றாம் சீசனின் நான்காம் எபிசோடுதான் பதில்.

மனநல மருத்துவமனையில் மெத்தை வைத்துத் தைத்த சுவர்கள் உள்ள ஒரு சின்ன அறை. ஏறக்குறைய முழு எபிசோடும் அதற்குள்தான். உள்ளே வனெஸ்ஸா. அவளைக் கவனிக்கும் வார்டு ஊழியராக கின்னியர். பிணமனிதன் ஆவதற்கு முன் உயிரோடு இருந்த காலத்து ஆள், அதனால் முகத்தில் ஒரு தையல்கூட இல்லை. சாப்பிட மறுப்பவளுக்கு ஸ்பூனை நீட்டுகிறார். அவள் சாப்பிடாவிட்டால் அடுத்து என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியும். கெஞ்சவும் கூடாது, அதட்டவும் மனசில்லை. அந்த ஸ்பூன் பிடித்த கையிலேயே இரண்டும் தெரிகிறது. அதே எபிசோடில், அதே முகத்தோடு, சாத்தானான லூசிஃபராகவும் டிராகுலாவாகவும் வருகிறார். கொம்பு இல்லை, பல் இல்லை. அவர்கள் வரும்போது கனிவு அப்படியே இருக்கிறது, ஆனால் அதில் ஒரு கணக்கு சேர்ந்துவிடுகிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது இங்கேதான், மேஜைக் காட்சியில் இல்லை.

இவா கிரீனுக்கும் இதுதான் உச்சம் என்பேன். கத்துவதற்குத் தெம்பில்லாத வனெஸ்ஸா. ஓவர் ஆக்டிங் என்று சொன்ன நண்பர் இதைப் பார்த்திருக்கிறாரா என்று கேட்டேன். இரண்டாம் சீசனோடு நிறுத்திவிட்டாராம். நல்லது.

மற்றவர்களைப் பற்றிச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். பாட்டி லுபோன் ஒரு சீசனில் சூனியக்காரக் கிழவி, அடுத்ததில் மனநல மருத்துவர். இரண்டிலும் கொடுத்த காசுக்கு மேல். அமெரிக்கத் துப்பாக்கிக்காரர் ஈதனாக வந்த ஜோஷ் ஹார்ட்நெட் அடக்கமாக, சரியாகச் செய்தார். மூன்றாம் சீசனில் அவரைத் தனியாக அமெரிக்காவுக்கு அனுப்பியது எழுத்தின் குற்றம். ரீவ் கார்னியின் டோரியன் கிரே தேறவில்லை. எல்லாம் அலுத்துப்போன பாத்திரம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அலுப்பை நடித்துக் காட்டுவதற்கும் நமக்கு அலுப்பூட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறதே.

பில்லி பைப்பர் மட்டும் என்னைக் குழப்பினார். முதல் சீசனில் காசநோய் வந்த ஐரிஷ் பெண்ணாக அவர் பேசிய உச்சரிப்பு காட்சிக்குக் காட்சி ஊர் மாறியது. சரி, இவ்வளவுதான் என்று முடிவுகட்டிவிட்டேன். இரண்டாம் சீசனில், செத்துப் பிழைத்து லில்லியாக வந்தவர், பிணமனிதனைக் கீழே தள்ளி நீளமாக ஒன்று பேசுகிறார் பாருங்கள். ஆண்களுக்காக ஆண்டாண்டு காலமாகப் பெண்கள் போட்ட வேஷத்தையெல்லாம் கழற்றி எறிகிற பேச்சு. அதுவரை அவர் காட்டிய அப்பாவித்தனம் முழுக்க லில்லியின் நடிப்பு என்று அப்போதுதான் புரிகிறது. என் முடிவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். உச்சரிப்பு பற்றியதை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை.

கடைசி எபிசோடு எனக்குப் பிடிக்கவில்லை. அவசரமாக மூட்டை கட்டினார்கள், இவா கிரீனுக்கு அதில் வேலையே குறைவு. ஆனால் அதிலும் கின்னியர் ஒன்று வைத்திருந்தார். பிணமனிதன் பழைய வாழ்க்கையில் பெற்ற மகன் செத்துவிடுகிறான். ஃபிராங்கன்ஸ்டைனிடம் கொண்டுபோய் உயிர் கொடுத்துக்கொண்டு வா என்று மனைவி நிற்கிறாள். அந்த உயிர் எப்படிப்பட்டது என்று அவருக்குத்தானே தெரியும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தேம்ஸ் நதிக்கு நடக்கிறார். அங்கே முகத்தில் ஒன்றுமே செய்யவில்லை மனிதர்.