டாலி பாடினப்பவே அது ஹிட்டுதான்
விட்னி ஹூஸ்டன் 1992ல பாடினப்புறம்தான் 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' ஹிட்டாச்சுன்னு கட்டுரைல போட்டிருக்கீங்க, அது சரியில்லைங்க, டாலி பார்ட்டன் எழுதிப் பாடி 1974லயே அமெரிக்க கன்ட்ரி (அங்கத்த கிராமிய பாணி இசை) பாட்டுகளோட தரவரிசைல முதலிடம் வந்த பாட்டு, 1982ல திரும்பப் பாடி மறுபடியும் முதலிடம். மேல கமென்ட்ல ஒருத்தர் கல்யாணத்துக்கு ஏத்த பாட்டுன்னு எழுதியிருக்கார், ஆனா அது பிரிவுப் பாட்டு, ஏழு வருஷம் கூடவே டிவி ஷோ பண்ணின பாடகர் போர்ட்டர் வேகனரை விட்டு வெளிய வர்றப்போ அவருக்கு நன்றி சொல்லி எழுதினது. பெரிய ராக் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி இதைப் பாட ஆசைப்பட்டும், அவரோட மேனேஜர் பாட்டு உரிமைல பாதி கேட்டதால டாலி முடியாதுன்னுட்டாங்க, அந்தக் காலத்துல ஒரு பொண்ணு எல்விஸ் தரப்புக்கே மறுப்பு சொல்றதுன்னா எவ்ளோ தைரியம் வேணும்! நானும் விட்னி பாடினதைத்தான் முதல்ல கேட்டேன், பின்னாடி டாலி குரல்ல மெதுவா, நடுவுல பேசுற மாதிரி வர்ற இடத்தைக் கேட்டப்போதான் கண்ணு கலங்கிடுச்சு.