ஏறினது எத்தனை பேர், இறங்கினது எத்தனை பேர்?

ஞாயிற்றுக்கிழமை நம்ம மலையேற்றக் குழு திருக்குறுங்குடி நம்பிமலைக்குப் போனப்ப நடந்ததைப் பத்தி ஆளாளுக்கு எழுதியாச்சு. நான் சும்மா இருக்கணும்னுதான் இருந்தேன். "சிலரது உடல்தகுதிக் குறைவால் சிறு தாமதம்"னு நேத்து ராத்திரி குழுவுல ஒரு பதிவு வந்துச்சு பாருங்க, அதுக்கப்புறம் தூக்கம் போச்சு.

சிறு தாமதமா? வனத்துறை செக்போஸ்ட்ல வாச்சர் அண்ணாச்சி நோட்டை விரிச்சு, "ஏறும்போது 22. இப்ப 21 பேருதான் நிக்கிய. இன்னொரு ஆளு எங்க?"ன்னு கேக்குற வரைக்கும் ஒருத்தர் குறையிறதே நம்ம தலைவருக்குத் தெரியாது. கேட்ட பிறகும் வாட்ஸ்அப் குழுவைத்தான் திறந்து பார்த்தார். டவரே இல்லாத இடத்துல!

கூட்டிக்கிட்டுப் போறவனுக்கு முதல் வேலை தலை எண்ணுறது. ரெண்டாவது வேலையும் அதுதான். டி-ஷர்ட், பேனர், ட்ரோன் எல்லாம் அப்புறம்.

எங்க அப்பா இதை எந்தப் பயிற்சியிலயும் படிக்கலை. ஆடி அமாவாசைக்கு பாபநாசத்துல இருந்து சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு நடப்போம். முன்னால அப்பா, கடைசியில பெரியப்பா. அப்பாவைத் தாண்டி ஓடினா முதுகுல விழும். பெரியப்பாவுக்குப் பின்னால ஒரு குஞ்சு தங்கக்கூடாது. பாதை பிரியுற இடத்துல எல்லாரும் நிக்கணும். "என்னல, பெரியப்பா வந்தாச்சா?" வந்ததும் கிளம்பிரவும் மாட்டார். கடைசியா வந்தவங்க உக்காந்து, தண்ணி குடிச்சு, மூச்சு வாங்கின பிறகுதான் அடுத்த அடி. இப்ப நம்மாளுங்க என்ன செய்றாங்க? முன்னால போய்ப் பத்து நிமிஷம் படுத்துக் கிடந்துட்டு, மெதுவா வர்றவங்க தலை தெரிஞ்சதும் எந்திரிச்சு நடக்குறாங்க. யாருக்கு ஓய்வு வேணுமோ அவங்களுக்கு ஓய்வே கிடையாது.

"மெதுவா நடக்குறவங்க ஏன் வரணும்?" காசு வாங்கும்போது கேட்டிருக்கலாமே.

"22 பேரையும் ஒரே ஆள் பார்க்க முடியுமா?" நியாயம். அப்ப பத்துப் பேரோட போங்க.

"மலைன்னா ஆபத்து இருக்கத்தான் செய்யும்." 2018 மார்ச்சுல தேனி பக்கம் குரங்கணிக் காட்டுத்தீயில மலையேறப் போனவங்க 20 பேருக்கு மேல செத்தாங்க. அதுக்கப்புறமும் இப்படிப் பேசுறவங்ககிட்ட எனக்குப் பேச்சில்லை.

"அஞ்சு மணிதானே, வெளிச்சம் இருந்துச்சே." வெளியூர்க்காரங்க சொன்னா மன்னிக்கலாம். நமக்கு மலை மேற்க இருக்கு. ஊருக்குள்ள வெயில் அடிக்கும்போதே அடிவாரத்துல பொழுது மலைக்குப் பின்னால போயிரும். மேல மழை பெஞ்சா, கீழ வானம் வெளுத்துக் கிடக்கும்போதே ஆத்துல தண்ணி கலங்கி, சருகு மிதந்து வரும். வெள்ளம் அதுக்குப் பின்னாலயே வரும். அந்தக் குறைஞ்ச ஒரு ஆளு, நம்ம டீச்சரக்கா, உக்காந்திருந்தது அந்த ஆத்தோரப் பாறையிலதான்.

நானும் வாச்சர் அண்ணாச்சியும் டார்ச்சோட ஏறிப் பார்த்தப்ப, ஷூ அடிப்பாகம் வாயைப் பிளந்து கிடந்துச்சு. துப்பட்டாவைக் கிழிச்சு அதைச் சுத்திக் கட்டியிருந்தாங்க. ஷூ பிளந்தது உடல்தகுதிக் குறைவாங்க?

"நீங்க போங்க, நான் மெதுவா வந்துருதேன்னு சொன்னேன் தம்பி. சரின்னுட்டுப் போயிட்டாங்க."

அழலை. "உங்களுக்குத்தான் வீண் சிரமம்"னாங்க. அதைத்தான் தாங்க முடியலை.

நேத்து அந்தப் பதிவுக்குக் கீழ இதைத்தான் கேட்டேன். குழுவை விட்டுத் தூக்கிட்டாங்க. மூணு வருஷமா எல்லார் கால்லயும் ஏறின அட்டைக்கு உப்பும் புகையிலையும் சுமந்தவன் நான். சரி விடுங்க, அதுக்காக எழுதலை. (அதுக்காகவும்தான்.)

"22 பேரின் வெற்றிப் பயணம்"னு ஒரு போட்டோ போட்டிருக்காங்கல்ல, கோவிலுக்கு வந்த யாரோ எடுத்துக் கொடுத்தது? பெருசாக்கி எண்ணிப் பாருங்க. 21 பேர். டீச்சரக்கா அப்பவும் கீழ ஏறிக்கிட்டுத்தான் இருந்தாங்க. ரெண்டாவது வரிசையில கட்டைவிரலைத் தூக்கிக்கிட்டுச் சிரிக்கிறது நான்.