49-ஆம் நாள் சோதனை வேலை நாயைக் காட்டிக்கொடுக்குமா?

"49-ஆம் நாளில் குட்டியை மல்லாக்கப் பிடியுங்கள், திமிறினால் காவல் நாய், அடங்கினால் வீட்டு நாய்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு.

ஸ்வீடனில் 630 ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டிகளை 8 வாரத்திலும், வளர்ந்தபின் மறுபடியும் சோதித்தார்கள். 1998-இல் வெளியான முடிவு: குட்டிப் பருவ மதிப்பெண்ணை வைத்து எது வேலைக்குத் தேறும் என்று கணிக்க முடியவில்லை. வயிறு நிறைந்த மயக்கம், தூக்கக் கலக்கம், தடுப்பூசிச் சோர்வு, எதுவும் அந்தச் சில நிமிடச் சோதனையின் முடிவைப் புரட்டிவிடும்.

இனப்பெருக்கத்துக்கு வளர்ந்த நாயைத்தான் பார்க்க வேண்டும். மோப்பத் தடம், கீழ்ப்படிதல், காவல் மூன்றுக்கும் தலா 100 மதிப்பெண் தரும், வேலை நாய்களுக்கான பன்னாட்டுத் தேர்வான ஐஜிபி-யின் (IGP) முதல் நிலைக்கே நாய்க்கு 18 மாதம் நிரம்பியிருக்க வேண்டும்.

வளர்ந்த நாயின் சுபாவத்தை நீங்களே சோதிப்பதானால், அதற்குப் பழகாத இடத்தில் சோதியுங்கள். சொந்த வாசலில் கோழை நாயும் உறுமும். திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது குறையே அல்ல. உடனே மீண்டு, சத்தம் வந்த இடத்தைப் போய் முகர்ந்தால் மன உறுதியுள்ள நாய். வாலை இடுக்கிக்கொண்டு கையாள்பவரின் காலுக்குப் பின்னால் ஒண்டி, சில நிமிடம் கழித்தும் பிடித்த தீனியைத் தொடாவிட்டால், எத்தனை அழகான நாயானாலும் இனச்சேர்க்கைக்கு விடாதீர்கள். பயந்த சுபாவம் குட்டிகளுக்கும் இறங்கும். முடிந்தால் அதன் உடன்பிறந்த நாய்களையும் இதேபோல் சோதியுங்கள்.