முதல் ஏர்பேக் எஸ்-கிளாஸில் இல்லை

"உலகின் முதல் ஏர்பேக் 1981 மெர்சிடிஸ் எஸ்-கிளாஸில்தான்" என்று ஒரு பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 1973-லேயே ஓல்ட்ஸ்மொபைல் டொரோனாடோவில் ஏர்பேக் வைத்து விற்றது. அப்புறம் கேடிலாக், பியூக்கிலும் கூடுதல் காசுக்குக் கொடுத்தார்கள். வாங்க ஆளில்லாமல் 1976-க்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள்.

அந்த 1981 எஸ்-கிளாஸின் (அந்தத் தலைமுறைக்கு டபிள்யூ126 என்று பெயர்) பெருமை வேறு. அமெரிக்கர்கள் தோள் பெல்ட்டுக்கு மாற்றாக ஏர்பேக்கைப் பார்த்தார்கள். மெர்சிடிஸ் அதை பெல்ட்டுக்குத் துணையாக்கியது. ஓட்டுநருக்கு ஸ்டீயரிங் நடுவில் பை, பக்கத்து இருக்கைக்கு மோதும் நொடியில் பெல்ட்டை இறுக்கும் கருவி. இன்று டேஷ்போர்டில் எரியும் 'எஸ்ஆர்எஸ்' (சப்ளிமென்டல் ரெஸ்ட்ரெயின்ட் சிஸ்டம்) விளக்கின் முதல் 'எஸ்' அந்தத் 'துணை'தான்.

இன்னொன்று: பாஷ் நிறுவனத்தின் ஏபிஎஸ் (திடீரென பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) வந்தது இந்தத் தலைமுறையில் இல்லை, முந்தைய டபிள்யூ116-இல், 1978-இல்.