ஜெர்சியை எரிக்கச் சொன்ன கேப்டன்

2021 ஆகஸ்ட். காபூல் தாலிபான் கைக்குப் போன அந்த வாரம். டென்மார்க்கில் இருந்த காலிதா போபல், ஆப்கானிஸ்தான் கால்பந்து வீராங்கனைகளுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். சமூக வலைத்தளக் கணக்குகளை மூடிவிடுங்கள், படங்களை அழித்துவிடுங்கள், தேசிய அணியின் ஜெர்சியை எரித்துவிடுங்கள் என்றார்.

இதைச் சொன்னவர் யார் என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். 2007-ல் ஆப்கானிஸ்தானில் பெண்களுக்கென ஒரு தேசிய அணி உருவாகக் காரணமானவர்களில் ஒருவர் காலிதா. அந்த அணியின் கேப்டன். மிரட்டல் தாங்காமல் 2011-ல் நாட்டைவிட்டு வெளியேறியவர். அதற்குப் பிறகும் வெளியில் இருந்தபடியே அணியைக் கட்டிக்காத்தவர். ‘முகத்தை மறைக்காதீர்கள், படம் எடுத்துப் போடுங்கள், நாம் இருக்கிறோம் என்று உலகத்துக்குத் தெரியட்டும்’ என்று வருடக்கணக்காகச் சொல்லி வந்ததும் அவர்தான். அதே வாயால் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்ல வேண்டி வந்தது.

விளையாட்டை வைத்து நாடுகளுக்கிடையே உறவு வளர்ப்பதை விளையாட்டு ராஜதந்திரம் என்கிறார்கள், அதற்காகப் போகிறவரை விளையாட்டுத் தூதர் என்கிறார்கள். இந்தச் சொற்களை எங்கே பார்த்தாலும் எனக்கு அந்த ஜெர்சிதான் நினைவுக்கு வருகிறது. பல நாட்டு அரசுகளும் கால்பந்து அமைப்புகளும் ஆப்கன் பெண்கள் பந்து விளையாடும் படங்களைப் பெருமையாகக் காட்டிக்கொண்டன. கடைசியில் அந்தப் படங்களே அந்தப் பெண்களுக்குக் கொலைக்கருவி ஆகிவிடுமோ என்று பயப்பட வேண்டியதாயிற்று.

அதனால் விளையாட்டுத் தூதர் வேலையே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. அதை மனதார நம்புகிறவன் நான். நம்புவதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அமெரிக்க வெளியுறவுத் துறை முன்னாள், இந்நாள் வீராங்கனைகளையும் பயிற்சியாளர்களையும் தூதர்களாகப் பல நாடுகளுக்கு அனுப்பியிருக்கிறது. 1999 உலகக் கோப்பையை வென்ற அணியில் இருந்த லாரி ஃபேர், பின்னாளில் அமெரிக்காவுக்கு ஆடிய ஜோனா லோமன் போன்றவர்கள் அப்படிப் போனவர்கள். போகிற ஊரில் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி முகாம் நடத்துவார்கள், உள்ளூர்ப் பயிற்சியாளர்களோடு உட்கார்ந்து பேசுவார்கள்.

இதில் ஆண் பயிற்சியாளர் போவதற்கும் பெண் பயிற்சியாளர் போவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அந்நிய ஆண் வந்து நின்றால், பல சமூகங்களில் பெண்பிள்ளை மைதானத்துக்கே வரமாட்டாள். அவள் வர நினைத்தாலும் வீட்டில் விடமாட்டார்கள். பெண் பயிற்சியாளர் என்றால் வீட்டுக்குள்ளேயே போகலாம், அம்மாவிடம் பேசலாம், ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு, “நானே கூட்டிக்கொண்டு போய் நானே கொண்டுவந்து விடுகிறேன்” என்று சொல்லலாம். பல இடங்களில் முதல் ராஜதந்திரப் பேச்சுவார்த்தை நடப்பதே அந்த வீட்டு வாசலில்தான். அப்புறம் மைதானம். அங்கே பாஷை தெரியாவிட்டாலும் பாதகமில்லை. ஊன்றுகாலைப் பந்துக்குப் பக்கத்தில் வைத்து, கணுக்காலை இறுக்கி, பாதத்தின் உள்பக்கத்தால் ஒரு பாஸ் அடித்துக் காட்டினால் போதும். எதிரே நிற்கிற பதிமூன்று வயதுப் பெண் அப்படியே திருப்பி அடிப்பாள். மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறப்பதற்கு முன்பே பாடம் முடிந்திருக்கும்.

இது புதிதாக வந்த யோசனையும் அல்ல. முதல் உலகப்போர் முடிந்து இரண்டு வருடம்கூட ஆகாத 1920 வசந்தத்தில், பெண்கள் விளையாட்டுக்காகப் போராடிய அலிஸ் மிலியா ஒரு பிரெஞ்சுப் பெண்கள் அணியை இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். பிரஸ்டன் நகரத்தின் டிக் கெர் தொழிற்சாலைப் பெண்களோடு அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க சுமார் 25,000 பேர் கூடினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் லிவர்பூலில் டிக் கெர் பெண்கள் ஆடிய இன்னொரு ஆட்டத்துக்கு 53,000 பேர். அடுத்த வருடமே, 1921 டிசம்பரில், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்பினர் மைதானங்களில் பெண்கள் விளையாடக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டது. அந்தத் தடை ஏறத்தாழ ஐம்பது வருடம் நீடித்தது. சொந்த நாட்டில் மைதானம் மறுக்கப்பட்ட அந்த அணி, 1922-ல் அமெரிக்காவுக்குப் போய் ஆண்கள் அணிகளோடு மோதியது. எந்த அரசும் அவர்களைத் தூதர் என்று அழைக்கவில்லை. ஆனால் அவர்கள் செய்தது அந்த வேலையைத்தான்.

எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம் 2006 ஏப்ரலில் தெஹ்ரானில் நடந்தது. பெர்லின் நகரத்தின் ஒரு சாதாரண உள்ளூர்க் கிளப், பெயர் அல்-டெர்சிம்ஸ்போர். ஈரான் பெண்கள் தேசிய அணியோடு திறந்த மைதானத்தில் ஒரு ஆட்டம் ஆட வேண்டும் என்று அந்தப் பெண்கள் ஆசைப்பட்டார்கள். வெளியுறவு அமைச்சகம் போட்ட திட்டமெல்லாம் இல்லை. அனுமதிக்காக அவர்களே மாதக்கணக்கில் அலைந்தார்கள். கடைசியில் அராராத் மைதானத்தில் ஆட்டம் நடந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த பெண்களும் தலைத்துணி கட்டி, முழுக்கை, முழுக்கால் உடையில் ஆடினார்கள். ஆண்களுக்கு உள்ளே இடமில்லை. பல வருடங்களாக ஆண்கள் ஆடும் ஆட்டத்தைப் பார்க்கப் பெண்களை மைதானத்துக்குள் விடாத நாட்டில், அன்று ஒருநாள் ஆண்கள் வெளியே நின்றார்கள். உள்ளே ஆயிரம் பெண்களுக்கு மேல் பாட்டும் ஆட்டமுமாக இருந்தார்கள். முடிவு 2-2. இதைவிடப் பொருத்தமான ஸ்கோரை யாரும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

ஆனால் அடுத்த வருடம் ஈரான் அணி பெர்லினுக்கு வந்து ஆட வேண்டிய பதில் ஆட்டம் கடைசி நேரத்தில் ரத்தானது. ஈரான் பக்கத்திலிருந்து அனுமதி வரவில்லை. கதவைத் திறந்தது விளையாடிய பெண்கள். மூடும் அதிகாரம் வேறு யாரிடமோ இருந்தது. இந்தக் கதை முழுக்க இதே நிலைதான்.

2011 ஜூனில் அம்மானில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஜோர்டானோடு ஆடத் தயாராக வந்த ஈரான் பெண்களை, தலையை மூடிய உடை விதிமீறல் என்று சொல்லி ஆட்டம் தொடங்கும் முன்பே நிறுத்தினார்கள். ஜோர்டானுக்கு 3-0 என்று வெற்றி எழுதப்பட்டது. ஈரான் பெண்கள் மைதானத்திலேயே அழுதார்கள். ஒரு பக்கம் சொந்த நாட்டுச் சட்டம் தலைத்துணி கட்டு என்கிறது. இன்னொரு பக்கம் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா கழற்று என்கிறது. நடுவில் நிற்கிற பெண் எங்கே போவாள்? ஜோர்டான் இளவரசர் அலி அப்போது ஃபிஃபா துணைத் தலைவர். அவர் இதைக் கையில் எடுத்தார். 2012-ல் சோதனை முறையாக அனுமதி வந்தது, 2014-ல் விதியே மாறியது. 2023 உலகக் கோப்பையில் மொராக்கோவின் நுஹைலா பென்சினா ஹிஜாபோடு களமிறங்கியபோது, அம்மானில் அழுத அந்தப் பெண்களைத்தான் நினைத்துக்கொண்டேன்.

சரி, இப்போது சிக்கலான இடத்துக்கு வருகிறேன்.

மோனிகா ஸ்டாப் ஜெர்மனிக்காரர், 1959-ல் பிறந்தவர். எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் பெண்கள் கால்பந்துக்காக வேலை செய்தவர். பஹ்ரைன், கத்தார் அணிகளைப் பயிற்றுவித்தவர். காபூல் வீழ்ந்த அதே 2021 ஆகஸ்டில் சவூதி அரேபியாவின் முதல் பெண்கள் தேசிய அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். பெண்கள் மைதானத்துக்குள் வந்து ஆட்டம் பார்க்கவே 2018-ல்தான் அனுமதி கொடுத்த நாடு அது. 2022 பிப்ரவரியில் மாலத்தீவில் அந்த அணி தன் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடி, செஷல்ஸை 2-0 என்று வென்றது.

ஸ்டாப் செய்தது சரியா? சவூதி அரசு தன் மனித உரிமைக் கறையைக் கழுவ விளையாட்டைப் பயன்படுத்துகிறது என்ற குற்றச்சாட்டு சும்மா எழுந்ததல்ல. 2023 பெண்கள் உலகக் கோப்பைக்குச் சவூதி சுற்றுலா நிறுவனம் விளம்பரதாரர் ஆகப்போகிறது என்ற செய்தி வந்தபோது அமெரிக்க வீராங்கனை அலெக்ஸ் மார்கன் வெளிப்படையாக எதிர்த்தார். போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவும் நியூஸிலாந்தும் எதிர்த்தன. அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. சவூதி அரசின் எண்ணெய் நிறுவனமான அரம்கோவோடு ஃபிஃபா செய்த ஒப்பந்தத்தை எதிர்த்து 2024 அக்டோபரில் நூற்றுக்கும் மேற்பட்ட வீராங்கனைகள் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதினார்கள்.

எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. உள்ளே போய் ஒரு ரியாத் பெண்ணுக்குப் பந்தை நிறுத்தக் கற்றுக்கொடுக்கிற ஸ்டாபும் தூதர்தான். வெளியே நின்று உங்கள் பணம் வேண்டாம் என்கிற மார்கனும் தூதர்தான். ஒருவர் செய்வதை இன்னொருவர் செய்ய முடியாது. உள்ளே போகிறவர் வாயைக் கட்டிக்கொண்டு திரும்பினால்தான் எனக்கு வருத்தம். தூதர் என்றால் அனுப்பியவருக்கும் அழைத்தவருக்கும் பிடித்ததை மட்டும் பேசுகிற ஆள் என்று ஆகிவிட்டால், அதற்கு ஒரு விளம்பரப் பலகை போதும்.

அமெரிக்க வீராங்கனைகளின் பேச்சு பிற நாட்டுப் பெண்களிடம் எடுபட்டதற்கு ஒரு காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். 2019 மார்ச் 8-ல் 28 வீராங்கனைகள் தங்கள் சொந்தக் கால்பந்துச் சம்மேளனத்தின் மேலேயே ஊதியப் பாகுபாட்டு வழக்குப் போட்டார்கள். 2022-ல் 24 மில்லியன் டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. ‘எங்கள் நாட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது, நீங்கள்தான் திருந்த வேண்டும்’ என்று வருகிறவரை யாரும் நம்பமாட்டார்கள். ‘எங்கள் வீட்டிலும் சண்டைதான், நாங்கள் எப்படிப் போட்டோம் என்று சொல்கிறேன்’ என்கிறவரிடம்தான் பக்கத்தில் உட்காரத் தோன்றும்.

மறுபடியும் ஆப்கானிஸ்தானுக்கு வருகிறேன். 2016-ல் அந்த அணிக்குப் பயிற்சியாளராக வந்தவர் முன்னாள் அமெரிக்க வீராங்கனை கெல்லி லின்ட்ஸி. பாதுகாப்புக் காரணத்தால் பயிற்சி முகாம்களை வெளிநாடுகளில்தான் நடத்தினார். துணைப் பயிற்சியாளர் ஹேலி கார்ட்டர், அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் இருந்தவர், கோல்கீப்பர். அந்த முகாம்களில் பாஸும் ஷாட்டும் மட்டும் பேசப்படவில்லை. நாட்டின் கால்பந்துச் சம்மேளனத் தலைவரே வீராங்கனைகளிடம் செய்த பாலியல் கொடுமைகள் பற்றிய உண்மை வெளியே வந்தது. காலிதாவும் லின்ட்ஸியும் அதை உலகத்தின் முன் வைத்தார்கள். 2019-ல் ஃபிஃபா அந்தத் தலைவர் கெராமுதீன் கரீமுக்கு வாழ்நாள் தடையும் பத்து லட்சம் ஸ்விஸ் ஃபிராங்க் அபராதமும் விதித்தது. கொடி பிடித்துக் கைகுலுக்கப் போன ஒரு தூதர் இப்படிச் செய்திருப்பாரா? அந்தப் பெண்கள் பயிற்சியாளரிடம் வாய் திறந்தார்கள் என்றால், அத்தனை நாள் கூடவே இருந்த நம்பிக்கைதான் காரணம்.

2021-ல் கைகொடுத்ததும் இதே ஆட்கள்தான். காலிதா, லின்ட்ஸி, கார்ட்டர், வழக்கறிஞர்கள், வீரர்கள் சங்கமான ஃபிஃப்ப்ரோ எல்லோரும் இரவு பகலாகத் தொலைபேசியில் இருந்து, பட்டியல் தயாரித்து, விமான நிலையக் கூட்டத்துக்குள் அந்தப் பெண்களுக்கு வழி சொன்னார்கள். ஆஸ்திரேலியா விமானத்தில் ஏற்றியது. வீராங்கனைகளும் குடும்பத்தினருமாக 75 பேருக்கு மேல் தப்பினார்கள். கனடாவில் இருந்த அணி கேப்டன் ஃபர்குந்தா முஹ்தாஜ், சிறுமிகள் அணியையும் அவர்கள் குடும்பங்களையும் போர்ச்சுகலுக்குக் கொண்டுசேர்க்க உழைத்தார்.

என் மனத்தாங்கல் இங்கேதான். இந்தப் பெண்களை மைதானத்துக்கு வரச் சொன்னபோது அரசுகள் இருந்தன, தூதரகங்கள் இருந்தன, நிதி இருந்தது, கேமராவும் இருந்தது. உயிருக்கு ஆபத்து வந்தபோது அவர்களை எப்படி வெளியே கொண்டுவருவது என்று எழுதிவைத்த திட்டம் எங்கே இருந்தது? பயிற்சியாளர்களின் சொந்தக் கைபேசிகளில் இருந்தது. ஒரு அரசு தன் தூதரை ஆபத்தான நாட்டுக்கு அனுப்பினால் வெளியேற்றத் திட்டம் இல்லாமல் அனுப்பாது. அதே அரசின் பேச்சைக் கேட்டு ஜெர்சி போட்ட உள்ளூர்ப் பெண்ணுக்கு அந்தத் திட்டத்தில் ஏன் ஒரு வரி இல்லை? என்னைக் கேட்டால், இப்படிப்பட்ட எந்த நிகழ்ச்சிக்கும் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். எத்தனை பந்து கொடுக்கப்போகிறீர்கள் என்பதெல்லாம் அப்புறம் வரட்டும்.

இரண்டு வார முகாம்களைவிட எனக்கு நீண்ட கால ஏற்பாடுகளில்தான் நம்பிக்கை அதிகம். 2012-ல் அமெரிக்க வெளியுறவுத் துறை தொடங்கிய விளையாட்டு வழிகாட்டித் திட்டம் ஒன்று, பல நாடுகளிலிருந்து விளையாட்டுத் துறையில் வேலை செய்கிற பெண்களை வரவழைத்து, வாரக்கணக்கில் அனுபவசாலிகளோடு இருக்க வைத்து, தங்கள் ஊரில் செய்யப்போவதை அவர்களே திட்டமாக எழுதிக்கொண்டு திரும்பச் செய்தது. இது நல்ல வழி. வெளிநாட்டுக்காரர் விமானம் ஏறிப் போன பிறகும் பயிற்சி உரிமத்தோடு ஒரு உள்ளூர்ப் பெண் அங்கே நிற்க வேண்டும். திங்கட்கிழமை மாலை பந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வர ஒரு ஆள் வேண்டும். அவளுக்குச் சம்பளமும் வேண்டும். இலவசச் சேவை என்ற பெயரில் பெண்களின் உழைப்பை எடுத்துக்கொள்வது இந்தத் துறையில் பழைய வியாதி. 1989-ல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற மேற்கு ஜெர்மனிப் பெண்களுக்கு அவர்கள் சம்மேளனம் கொடுத்த பரிசு ஒரு செட் காபிக் கோப்பைகள். அந்த அணியில் இருந்த பெட்ரா லாண்டர்ஸ் 2017-ல் பல நாட்டுப் பெண்களோடு கிளிமஞ்சாரோ மலையில் ஏறி, 5,700 மீட்டருக்கு மேலே, சமத்துவம் கேட்டு ஒரு முழு ஆட்டம் ஆடினார்.

ஆஸ்திரேலியாவுக்குப் போன ஆப்கன் பெண்கள் மெல்போர்ன் விக்டரி கிளப்பின் ஆதரவில் விளையாடத் தொடங்கினார்கள். ஆனால் நாட்டின் சம்மேளனம் அங்கீகரித்தால்தான் தேசிய அணி என்பது அப்போது ஃபிஃபாவின் நிலைப்பாடு. அந்தச் சம்மேளனம் இருப்பதோ தாலிபான் ஆட்சியில். ஆகவே வருடக்கணக்கில் அவர்களுக்குச் சர்வதேச ஆட்டமே இல்லை. 2025 மே மாதம்தான் ஃபிஃபா அகதி அணி ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது. ஸ்காட்லாந்தின் முன்னாள் வீராங்கனை பவுலின் ஹாமில் பயிற்சியாளர் ஆனார். பெயர் ஆப்கன் விமன் யுனைடெட். அந்த ஆண்டு இறுதியில் மொராக்கோவில் ஆடினார்கள். சாட் அணியிடமும் துனிசியாவிடமும் தோற்றார்கள். மூன்றாவது ஆட்டத்தில் லிபியாவை 7-0 என்று வென்றார்கள்.

அந்த வெற்றிப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, கேமராவை நேராகப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இந்தப் படங்களை யாரும் அழிக்கச் சொல்லவில்லை.